வீரனின் அப்பன் யார்?

பேய், சாபம், காதல் மூன்றும் சேர்ந்த கதை நம்மிடம் உண்டு. மதுரைவீரன் கதை. அதன் அடியில் கிடப்பது சாதி.

சின்னானுக்குப் பதிலாகக் காவலுக்குப் போன சக்கிலியப் பையன், பொம்மண நாயக்கர் மகள் பொம்மியோடு புறப்பட்டான். மதுரையில் வெள்ளையம்மாள் பொருட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். செத்தவன் ஊரைப் பிடித்து ஆட்டினான். பயந்துபோய் மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் நிறுத்தினார்கள், உள்ளே விடவில்லை.

பிறப்பையும் மாற்றினார்கள். காசிராசன் பிள்ளையாம்; கொடி சுற்றிப் பிறந்ததால் ஆகாதென்று காட்டில் போட்டார்களாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இதையே ஊர் ஊராகச் சொன்னது. ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனையும் சிவன் பிள்ளை ஆக்கினார்கள். வீரமும் காதலும் மேலேயிருந்துதான் வரணுமா?

தோட்டத்தில் கவலை ஓட்டிய நம் சனம் இன்று திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறது. வளவில் வீரன் இன்னும் இறங்குகிறான். இதே மாவட்டத்தில், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவைக் கட்டியதுதான் குற்றம். அவருக்கு எந்தக் காசிராசனும் அப்பனாக வரவில்லை.

சாமியாடியிடம் நாம் குறி கேட்டது போதும். சின்னான்தான் அப்பன் என்று கதையைத் திருத்திப் பாடச் சொல்லுவோம் என்கிறேன் நான்.