அடுத்தவர் கணக்கும் தன் கணக்கும்: அமெரிக்க நேரடி விற்பனையில் ஒப்பீட்டின் வரலாறு

கடையையும் இடைத்தரகரையும் நாடாமல், விற்பவரே வாங்குபவரின் வீட்டுக்கோ, அவர் அழைத்துச் சேர்த்த சிறு கூட்டத்துக்கோ சரக்குடன் சென்று விற்கும் முறை நேரடி விற்பனை எனப்படுகிறது. இதில் ஈடுபடுவோர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர்; மாதச் சம்பளமும் வருகைப் பதிவேடும் மேலதிகாரியின் கண்காணிப்பும் இல்லாமல், விற்ற அளவுக்கு ஆதாயம் பெறும் தனி வணிகர்கள். இன்றைய உழைப்பு போதுமா, போதாதா என்று சொல்ல ஒருவரும் இல்லாத இந்த நிலையில், தம்மைப் போன்ற இன்னொருவரின் விற்பனைத் தொகையையே அளவுகோலாக எடுத்துக்கொள்வது அவர்களுக்கு இயல்பாகிவிடுகிறது. பிறரைப் பார்க்காமல் தன் வேலையில் கருத்தூன்ற வேண்டும் என்னும் அறிவுரை இத்தொழிலின் கூட்டங்களில் ஓயாமல் சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். ஆயினும் இத்தொழில் அமெரிக்காவில் வளர்ந்த வரலாற்றை நோக்கும்போது, ஒப்பீடு தனிமனிதரின் மனக்குறையாக மட்டும் எழவில்லை என்பதும், நிறுவனங்களே அதைத் திட்டமிட்டு வளர்த்தன என்பதும், அதைத் தணித்த வழிகளும் மன உறுதியைவிட எல்லை, காலம், பரிசு ஆகியவற்றை வகுத்த விதிகளிலேயே இருந்தன என்பதும் புலப்படும்.

வீடு வீடாகச் சென்று புத்தகம் விற்றுவந்த டேவிட் மெக்கானெல், 1886இல் நியூயார்க்கில் கலிபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனியைத் தொடங்கினார். புத்தகம் வாங்குவோருக்கு அவர் இனாமாகக் கொடுத்த வாசனைத் திரவியமே புத்தகத்தைவிட விரும்பப்பட்டதுதான் இதற்கு வழிகாட்டியது. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் வின்செஸ்டர் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெர்சிஸ் ஆல்பி அந்நிறுவனத்தின் முதல் விற்பனைப் பிரதிநிதியானார். தாம் விற்றதோடு நில்லாமல் பிற ஊர்ப் பெண்களையும் தேடிச் சேர்த்தார். 1939இல் ஏவான் என்று பெயர் மாறிய இந்நிறுவனத்தின் தொடக்ககாலப் பிரதிநிதிகள் பெரும்பாலும் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தமக்கென ஒரு விற்பனை எல்லை இருந்ததால், அடுத்த பிரதிநிதி யார், அவர் எவ்வளவு விற்றார் என்பது அன்றாட வாழ்வில் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அந்தத் தனிமைக்குள் ஒப்பீடு காகித வடிவில் நுழைந்தது. 1905இல் நிறுவனம் ‘அவுட்லுக்’ என்ற உள்சுற்று இதழைத் தொடங்கி, நன்றாக விற்றவர்களின் பெயரையும் சாதனையையும் அதில் அச்சிடலாயிற்று. ஊரில் தனியாக உழைத்த ஒரு பெண்ணுக்குத் தன் தொழிலில் தன்னைப் போல் பலர் உண்டு என்று காட்டிய அதே தாள், அவர்களில் தான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்ற கேள்வியையும் அவள் கையில் கொடுத்தது.

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1932இல், இதே நிறுவனம் செய்த ஒரு மாற்றம் அவுட்லுக்கைப் போல அதிகம் பேசப்படாவிட்டாலும் அதைவிட ஆழமானது. விற்பனைக் காலத்தை மூன்று வாரமாகச் சுருக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் சில பொருள்களைச் சிறப்பு விலையில் முன்னிறுத்தியது. இதனால் பிரதிநிதி ஆண்டுத் தொகையை எண்ணிக் கலங்காமல், இந்த மூன்று வாரத்தில் எந்தத் தெரு, எந்த வீடு, எந்தப் பொருள் என்று சிறிய வட்டத்துக்குள் சிந்திக்க முடிந்தது. ஒரு சுற்று சரியாக அமையாவிட்டாலும் அடுத்த சுற்றில் கணக்கு புதிதாகத் தொடங்கியது. கவனம் என்பதை ஒரு குணமாகப் போதிப்பதைவிட, கவனிக்க வேண்டிய பரப்பைக் குறுக்கித் தருவது எத்துணைப் பயனுள்ளது என்பதற்கு இந்த ஏற்பாடு நல்ல சான்று.

வீட்டு வாயிலில் நின்று விற்பதற்குப் பதிலாக, ஒரு வீட்டுத் தலைவி தோழியரை அழைத்துக் கூட்டும் விருந்தில் பொருளைச் செய்துகாட்டி விற்கும் முறையை 1930களில் பரப்பியது, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் பிராங்க் ஸ்டான்லி பெவரிட்ஜ் நிறுவிய ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ். இந்நிறுவனத்தின் ஆண்டு மாநாட்டில், மிகுதியாக விற்ற பெண்ணுக்கு விற்பனை அரசி என்று முடிசூட்டுவது வழக்கம். டெக்சாஸைச் சேர்ந்த மேரி கே ஆஷ், ஒரு விருந்துக்குச் சராசரியாக 7 டாலர் மட்டுமே விற்றுவந்த காலத்தில், 12 டாலர் கடன் வாங்கிக்கொண்டு டாலஸ் நகரில் நடந்த மாநாட்டுக்குப் போனதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அரசிக்கு முதலைத்தோல் கைப்பை பரிசளிக்கப்பட்டதைப் பின்வரிசையிலிருந்து கண்ட அவர், அந்தக் கிரீடத்தின் மேல் ஆசை கொண்டார்; இது ஒப்பீடுதான். ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் கவனத்துக்குரியது. அரசியையே அணுகி ஒரு விருந்து நடத்திக் காட்டும்படி வேண்டி, அவர் பேசிய ஒவ்வொரு சொல்லையும் 19 பக்கங்களுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அடுத்தவரின் தொகையைப் பார்ப்பதும் அடுத்தவரின் செய்முறையைப் பார்ப்பதும் முற்றிலும் வேறான செயல்கள். முன்னது எஞ்சவிடுவது ஏக்கம், பின்னது கற்றுத் தருவது தொழில். மறு ஆண்டு ஆஷ் அரசியானபோது, பரிசாகக் கைப்பை கிடைக்கவில்லை. இரவில் மீன் பிடிக்கப் பயன்படும் ஒரு விளக்கு கிடைத்தது.

விருந்து விற்பனையை நாடறியச் செய்தவர் பிரௌனி வைஸ். டெட்ராய்ட் அருகே ஸ்டான்லி பொருள்களை விற்றுவந்த இவர், கணவரைப் பிரிந்து மகனைத் தனியே வளர்த்தவர். ஏர்ல் டப்பர் கண்டுபிடித்த பிளாஸ்டிக் பாத்திரங்களையும் விருந்துகளில் விற்கத் தொடங்கினார். கடைகளில் அவை விலைபோகவில்லை. காற்றை வெளியேற்றி மூடியை இறுக்கும் விதம் வாங்குவோருக்குப் புரியாததே காரணம். வைஸோ, நீர் நிறைந்த கிண்ணத்தை மூடிக் கூடத்தின் குறுக்கே வீசிக் காட்டுவார். ஒரு துளியும் சிந்தாது. 1951இல் டப்பர் தம் பொருள்களைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டு, வீட்டு விருந்துப் பிரிவுக்கு வைஸைத் துணைத்தலைவராக்கினார். புளோரிடாவின் கிசிமியில் அமைந்த தலைமையகத்தில், 1954இலிருந்து ‘ஜூபிலி’ என்னும் ஆண்டு விழா நடந்தது. முதல் ஆண்டு விழாவில் பரிசுகள் மண்ணில் புதைக்கப்பட்டிருந்தன. விற்பனையாளர்கள் மண்வெட்டியுடன் இறங்கித் தோண்டி, கைக்கடிகாரம், வைர மோதிரம் ஆகியவற்றை எடுத்தனர். பொம்மைக் கார் கிடைத்தவருக்கு உண்மையான கார் வழங்கப்பட்டது. வீட்டு வேலைக்கு எவரும் பாராட்டுச் சொல்லாத காலத்தில் வாழ்ந்த அப்பெண்களுக்குத் தம் பெயர் மேடையில் ஒலித்தது பெரும் பேறு. அதைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது. எனினும் மேடையில் ஏறியோர் சிலர். கீழே அமர்ந்து தம்மை அளந்துகொண்டோர் மிகப் பலர். வைஸின் நிலையும் இந்த அளவையிலிருந்து தப்பவில்லை. 1954 ஏப்ரலில் ‘பிஸினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. வெற்றிக்கு உரியவர் அவரா, பொருளைக் கண்டுபிடித்த டப்பரா என்ற கேள்வி இருவரிடையே முற்றி, 1958 ஜனவரியில் அவர் வெளியேற்றப்பட்டார். நிறுவனத்தின் பங்கு ஒன்றுகூட அவர் பெயரில் இல்லை. அதே ஆண்டு டப்பர் நிறுவனத்தை ரெக்சால் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

முதல் ஜூபிலி நடந்த அதே 1954இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் உளவியலாளர் சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை வெளியிட்டார். மனிதர்க்குத் தம் திறமையை அளந்து பார்க்கும் உந்துதல் உண்டு என்றும், புறவயமான அளவுகோல் இல்லாதபோது பிறரோடு ஒப்பிட்டே அளப்பர் என்றும், அந்தப் பிறர் தம்மிலிருந்து வெகுவாக வேறுபட்டவராக இராமல் தம்மை ஒத்தவராகவே இருப்பர் என்றும் அது கூறுகிறது. நேரடி விற்பனை இம்மூன்றையும் ஒருங்கே கொண்ட தொழில்: ஒரே பொருள், ஒரே விலை, ஒரே வகைக் குடும்பச் சூழல், சம்பளப் படிநிலையோ இல்லை. ஒப்பிடாதிருக்கும்படி இத்தொழிலில் ஒருவரை வேண்டுவது எவ்வளவு கடினமானது என்பதை இக்கோட்பாடு விளக்கிவிடுகிறது.

தாம் பயிற்றுவித்த ஆண் ஒருவர் தமக்கு மேலதிகாரியாக உயர்த்தப்பட்டதால் வேறொரு நிறுவனத்திலிருந்து விலகிய மேரி கே ஆஷ், 1963 செப்டம்பரில் 5,000 டாலர் முதலீட்டில் டாலஸில் தம் அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கினார். முதல், இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு மட்டும் பரிசு என்னும் போட்டிகளை அவர் விரும்பவில்லை. ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்டிய எல்லோருக்கும் பரிசு என்ற முறையை வற்புறுத்தினார். இம்முறையில் ஒருத்தி வெல்ல இன்னொருத்தி தோற்க வேண்டியதில்லை. கடந்த மாதத் தன் கணக்கே அவளுக்குப் போட்டி. அன்றாடக் கவனத்துக்கு அவர் கையாண்ட வழி இன்னும் எளிது. மறுநாள் செய்ய வேண்டிய மிக முக்கியமான ஆறு வேலைகளை முந்திய இரவே முக்கியத்துவ வரிசையில் எழுதிவைத்து, முதலாவதை முடித்த பின்னரே இரண்டாவதைத் தொடுவது. ஐவி லீ என்னும் ஆலோசகர் எஃகு நிறுவனத் தலைவர் சார்லஸ் ஷ்வாபுக்குக் கூறியதாக வழங்கும் யோசனை இது. ஒருவர் சேர்த்த விற்பனையாளர் வேறு நகருக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள விற்பனை இயக்குநர் தமக்குக் கமிஷன் கிடைக்காது என்று தெரிந்தும் அவரை வழிநடத்த வேண்டும் என்ற விதியையும் ஆஷ் ஏற்படுத்தினார்.

எனினும் ஆஷின் நிறுவனமும் கிரீடத்தைக் கைவிடவில்லை. 1969இல் முன்னணி விற்பனை இயக்குநர் ஐவருக்கு இளஞ்சிவப்பு கேடிலாக் கார் வழங்கப்பட்டது. தெருவில் ஓடும் அந்தக் கார் எந்தப் பட்டியலையும்விட உரத்த ஒப்பீடாயிற்று. இன்னும் ஆழமான சிக்கல், பதவிக்கும் பரிசுக்கும் கணக்கிடப்பட்டது வாடிக்கையாளர் வாங்கிய தொகை அன்று, விற்பனையாளர் நிறுவனத்திடம் கொள்முதல் செய்த தொகை என்பதே. அடுத்தவரை எட்டிப்பிடிக்க விரும்புபவர் விற்காத சரக்கைத் தம் பணத்தில் வாங்கி வீட்டில் அடுக்கவும் இது இடம் தந்தது. இத்தொழிலில் ஒப்பீடு மனத்தை மட்டும் வாட்டாமல் கைப்பணத்தையும் கரைக்கும் இடம் இதுதான்.

1959இல் மிச்சிகனில் தொடங்கப்பட்ட ஆம்வே நிறுவனத்தின் மீதான வழக்கில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1979இல் அளித்த தீர்ப்பு இவ்விடத்தையே தொட்டது. வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்றாக வேண்டும், மாதம் 10 வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விலகுபவரின் விற்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்னும் மூன்று விதிகளை அந்நிறுவனம் வைத்திருந்ததால், அது பிரமிடு திட்டம், அதாவது பொருள் விற்பனையைவிட ஆள்சேர்ப்பினாலேயே பணம் திரட்டும் ஏமாற்று, ஆகாது என்று ஆணையம் முடிவு செய்தது. இவ்விதிகள் நடைமுறையில் எந்த அளவு பின்பற்றப்பட்டன என்ற விவாதம் தொடர்ந்தாலும், அவற்றின் நோக்கம் தெளிவானது: விற்பனையாளரின் பார்வையைச் சக விற்பனையாளரிடமிருந்து வாடிக்கையாளரிடம் திருப்புவது.

1990களில் இந்நிறுவனங்களில் சில இந்தியாவுக்கு வந்தன. பின்னர் ஆம்வேயின் உற்பத்தி ஆலை திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையிலேயே அமைந்தது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் இங்கும் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. ஆனால் விற்பனையாளர் கூட்டத்தின் மேடையில் எந்தத் தொகை உரக்க வாசிக்கப்பட வேண்டும், கொள்முதல் தொகையா, வாடிக்கையாளருக்கு விற்ற தொகையா, கடந்த மாதத்திலிருந்து அவரவர் அடைந்த முன்னேற்றமா என்பதை நிறுவனங்களே இன்றும் முடிவு செய்கின்றன.