உச்சத்தைத் தொடாத மூவர்: ஸ்ரீகாந்த், சுதாகர், விஜயன்

நடிகர் ஸ்ரீகாந்த் 2021 ஒக்டோபர் 12 ஆம் திகதி சென்னையில் காலமானபோது, அந்தச் செய்தியை வெளியிட்ட பல ஊடகங்கள் தமிழில் ஜெயலலிதாவுக்கு முதல் கதாநாயகனாக நடித்தவர் என்றே அவரை அறிமுகப்படுத்தின. தகவலில் பிழை எதுவும் இல்லை. இயக்குநர் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை' 1965 இல் வெளிவந்தபோது ஸ்ரீகாந்த், ஜெயலலிதா, நிர்மலா, மூர்த்தி ஆகிய நால்வரையும் தமிழ் இரசிகர்கள் புதுமுகங்களாகவே கண்டனர். நிர்மலாவுக்கும் மூர்த்திக்கும் அந்தப் படத்தின் பெயர் அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. ஜெயலலிதா ஒரு மாநிலத்தின் முதலமைச்சராகவே வந்துவிட்டார். கதாநாயகனாக அறிமுகமானவருக்கோ படத்தின் பெயரும் நிலைக்கவில்லை. கதாநாயகன் என்ற இடமும் நிலைக்கவில்லை. இத்தனை வருடங்கள் நடித்த ஒரு கலைஞனை இன்னொருவரின் பெயரைச் சொல்லித்தான் நினைவூட்டவேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஸ்ரீகாந்தின் இயற்பெயர் வெங்கட்ராமன். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தொழில்பார்த்துக்கொண்டே மேடை நாடகங்களில் நடித்தவர். கே.பாலச்சந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் மேஜருக்கு இரு புதல்வர்கள். ஒருவரின் பெயர் ஸ்ரீகாந்த். மற்றவரின் பெயர் ரஜினிகாந்த். முதலாவது பெயர் வெங்கட்ராமனுக்குத் திரைப்பெயராக அமைந்தது. இரண்டாவது பெயரைப் பாலச்சந்தர் பத்திரமாக வைத்திருந்து, 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் சிவாஜி ராவ் என்ற இளைஞரை அறிமுகம் செய்தபோது அவருக்குச் சூட்டினார். ஒரே நாடகத்தில் பிறந்த இந்த இரு பெயர்களும் 1978 இல் 'பைரவி' படத்தில் எதிரெதிரே நின்றன. ரஜினிகாந்த் தனிக் கதாநாயகனாக நடித்த முதலாவது தமிழ்ப் படம் அது. அதில் வில்லன் ஸ்ரீகாந்த்.

ஸ்ரீகாந்துக்குத் திறமை போதவில்லை என்று எவராலும் வாதிட முடியாது. 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் சௌகார் ஜானகியுடன் கிட்டு மாமாவாக வந்து சிரிக்கவைத்தவர், 'தங்கப்பதக்கம்' (1974) படத்தில் நேர்மையான பொலிஸ் அதிகாரியின் வழிதவறிய மகனாக சிவாஜி கணேசனுக்கு ஈடுகொடுத்து நின்றார். ராஜாஜியின் கதையை சிங்கீதம் ஸ்ரீனிவாச ராவ் படமாக்கிய 'திக்கற்ற பார்வதி'யில் (1974) குடிப்பழக்கத்துக்கு அடிமையான கிராமத்துக் கணவன். ஜெயகாந்தனின் நாவலை ஏ.பீம்சிங் படமாக்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) படத்தில் பிரபு. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு மழைநாளில் ஒரு பெண்ணின் வாழ்வைச் சிதைத்துவிட்டு, பின்னர் அவள் முன்பாகவே பலவீனனாக, சற்றுப் பரிதாபத்துக்குரியவனாக வந்து நிற்கும் அந்த மனிதனை வெறுப்பதா, மன்னிப்பதா என்று பார்ப்பவர் தடுமாறவேண்டும். ஸ்ரீகாந்த் அந்தத் தடுமாற்றத்தை உண்டாக்கினார். அப்படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது லட்சுமிக்குக் கிடைத்தது. அவருக்கு எதிரே அந்தப் பிரபு இல்லாதிருந்தால் கங்காவின் பாத்திரம் அவ்வளவு துலங்கியிருக்குமா என்பது என் சந்தேகம்.

இதில்தான் சிக்கலும் இருந்தது. எங்கள் திரையில் நட்சத்திரமாகும் ஒருவரைப் பார்த்து, இவரைப் போல நாமும் இருக்கவேண்டும் என்று இரசிகன் ஆசைப்படவேண்டும். பிரபுவைப் போலவோ, சௌத்ரியின் மகன் ஜெகனைப் போலவோ இருப்பதற்கு யார் ஆசைப்படுவார்கள்?

இந்த மூவரில் மற்ற இருவரும் வந்த காலத்தைச் சற்று விளக்கவேண்டும். எம்.ஜி.ஆர். 1977 ஜூன் 30 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்றார். அவரது கடைசிப் படம் 1978 ஜனவரியில் வெளிவந்தது. கால் நூற்றாண்டாக இருவர் பங்குபோட்டு ஆண்ட திரையில் ஒரு சிம்மாசனம் வெறுமையாகியது. அதே வேளையில் 'அன்னக்கிளி' (1976), '16 வயதினிலே' (1977) ஆகிய படங்களுடன் கமெரா ஸ்ரூடியோவை விட்டுக் கிராமத்துத் தெருக்களுக்குப் போனது. கதையும் இளையராஜாவின் இசையும் இருந்தால் போதும், பெரிய நடிகர்கள் தேவையில்லை என்று தயாரிப்பாளர்கள் துணிந்த காலம் அது. அந்தத் துணிவு சுமார் 3 அல்லது 4 வருடங்களே நீடித்தது. சுதாகரும் விஜயனும் அந்த இடைவெளியில் வந்தவர்கள்.

சுதாகர் ஆந்திராவைச் சேர்ந்தவர். சென்னையில் நடிப்புப் பயிற்சி பெற்றபோது அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர் சிரஞ்சீவி. பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' (1978) சுதாகரைப் பரஞ்சோதியாகவும், இலங்கையுடன் குடும்பத் தொடர்புடைய ராதிகாவைப் பாஞ்சாலியாகவும் அறிமுகம் செய்தது. கவிதை எழுதும் ஏழை இளைஞன், ஓடும் ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலிக்குச் செய்தி எழுதி அனுப்புகிறான். அந்த முகத்தில் இருந்த கூச்சமும் வெகுளித்தனமும் தமிழ்க் கதாநாயகர்களிடம் அதற்கு முன்னர் காணாதவை. அடுத்த வருடத்திலேயே 'நிறம் மாறாத பூக்கள்', கே.பாக்யராஜ் இயக்கிய முதற்படமான 'சுவரில்லாத சித்திரங்கள்' என்று அவரது படங்கள் வரிசைகட்டின. அந்த வருடத்தில் வந்த 'இனிக்கும் இளமை' படத்திலும் அவரே கதாநாயகன். அதில் வில்லனாக அறிமுகமான கறுத்த இளைஞரின் பெயர் விஜயகாந்த்.

இலங்கையில் இருந்த எங்களுக்கு இந்த அலை இன்னொரு விதமாக வந்து சேர்ந்தது. 1972 இல் அமைக்கப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் ஊடாகவே இந்தியப் படங்கள் இறக்குமதியாகின. சென்னையில் ஓடி முடிந்து மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடக்கணக்கில் காத்திருந்த பின்னரே அவை எங்கள் படமாளிகைகளுக்கு வந்தன. ஆனால் பாடல்கள் இலங்கை வானொலியில் உடனுக்குடன் ஒலித்தன. ஆகவே சுதாகரின் முகத்தைக் காண்பதற்கு முன்பாகவே அவர் படத்துப் பாடல்கள் எங்களுக்கு மனப்பாடம். நாங்கள் அவரைத் திரையில் கண்டு இவர் பெரிய இடத்துக்கு வருவார் என்று பேசத் தொடங்கிய நேரத்தில், தமிழ்நாட்டில் அவருடைய அலை வற்றத் தொடங்கியிருந்தது என்பதைப் பிற்காலத்தில் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அறிந்தேன்.

காரணத்தை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுதாகருக்கு மீண்டும் மீண்டும் அதே வெகுளிக் காதலன் வேடமே தரப்பட்டது. முதல் தடவை புதுமையாக இருந்தது ஐந்தாவது தடவையில் பலவீனமாகத் தெரிந்தது. பாரதிராஜாவைப் பார்த்துப் பலர் கிராமத்துக்குப் புறப்பட, விநியோகஸ்தர்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது. படம் வெளியாகும் முதல் நாளில் அரங்கை நிரப்பும் ஒரு பெயர் அவர்களுக்கு மறுபடியும் தேவைப்பட்டது. 1980 டிசம்பரில் ஏவி.எம். நிறுவனத்தின் 'முரட்டுக்காளை' வெளிவந்தபோது அந்தப் பெயர் எது என்பது முடிவாகியது. அதிலே வில்லனாக வந்தவர் ஜெய்சங்கர். 1965 இல், ஸ்ரீகாந்த் அறிமுகமான அதே வருடத்தில், 'இரவும் பகலும்' மூலம் வந்து கதாநாயகனாகவே நிலைத்திருந்தவர் அவர்.

சுதாகர் தெலுங்குக்குத் திரும்பினார். அங்கே நகைச்சுவை நடிகராக ஒரு நல்ல இடத்தைப் பெற்றதுடன் தயாரிப்பாளராகவும் மாறினார். அறைத்தோழர் சிரஞ்சீவியை வைத்து அவர் கூட்டாகத் தயாரித்த 'யமுடிகி மொகுடு' (1988) பெருவெற்றி கண்டது. அதைத் தமிழில் 'அதிசயப் பிறவி' (1990) என்று எடுத்தபோது நாயகன் ரஜினிகாந்த். பிழைக்கத் தெரியாத மனிதர் என்று சுதாகரை எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் தமிழில் பரஞ்சோதி அந்த ரயிலோடு போனவர்தான்.

மூவரில் என்னை அதிகம் பாதித்தவர் விஜயன். கேரளத்திலிருந்து வந்தவர். 'கிழக்கே போகும் ரயி'லில் சிறு வேடம். 'நிறம் மாறாத பூக்கள்' படத்தில் இன்னும் சற்றுப் பெரியது. துரையின் 'பசி'யில் (1979) லொறிச் சாரதி. அதே வருடத்தில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய கதை என்றாலும், படத்தில் வரும் சுந்தரவடிவேலு மகேந்திரனும் விஜயனும் சேர்ந்து படைத்த மனிதன். அவன் சத்தம்போடுவதில்லை. தாடியும் வெள்ளை வேட்டியுமாக மெதுவாக நடக்கிறான். அடங்கிய குரலில் பேசுகிறான். நோயாளி மனைவியையும் ஊரையும் அந்த அமைதியாலேயே வதைக்கிறான். அதுவரை தமிழில் கொடியவன் என்றால் உருட்டிய விழியும் உரத்த சிரிப்பும்தான். 'தங்கப்பதக்க'த்துக்குக் கதைவசனம் எழுதிய அதே மகேந்திரன், ஐந்து வருடங்களில் அந்த மேடைத் தமிழை முற்றாகக் கைவிட்டு இவ்வளவு மௌனத்துக்கு வந்ததும், அந்த மௌனத்தைத் தாங்க ஒரு முகம் அவருக்குக் கிடைத்ததும் எங்கள் சினிமாவின் பேறு.

முடிவில் ஊரே திரண்டு அவனை ஆற்றுக்குள் இறங்கவைக்கிறது. சாகப்போகும் தறுவாயில், இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் அவன் பேசுகிறான். பின்னர் பிள்ளைகள் இருவரும் கரையில் தனித்து நிற்கிறார்கள். வெறுக்கவேண்டிய மனிதனுக்காக ஒரு கணம் நெஞ்சு கனக்கும்படி செய்தது விஜயனின் முகம்.

அப்படி நடித்தவருக்கு அதற்குப் பிறகு அப்படி ஒரு வேடம் வாய்க்கவில்லை. மகேந்திரன் போன்ற ஓர் இயக்குநரின் கையில் மட்டுமே அவருக்கு இடம் இருந்தது. மகேந்திரனுக்கே அந்தச் சினிமாவில் இடம் சுருங்கிக்கொண்டு போனது. எண்பதுகளின் நடுப்பகுதியில் விஜயன் ஏறத்தாழ மறக்கப்பட்டார். நீண்ட இடைவெளிக்குப் பின்னர் 'ரமணா' (2002) படத்தில் ஊழல் பேர்வழியாகத் திரும்பி வந்தபோது, அவர் எதிர்த்து நின்ற கதாநாயகன், சுதாகருக்கு வில்லனாக அறிமுகமான அதே விஜயகாந்த்.

பின்னர் செல்வராகவனின் '7ஜி ரெயின்போ காலனி' (2004) வந்தது. வீணாகத் திரியும் மகனை ஓயாமல் திட்டித் தீர்க்கும் தகப்பன் வேடம். மகனுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த பின்னரும் முகம் கொடுத்துப் பேசாதவர், அன்றிரவு மகன் தூங்கிவிட்டான் என்று நினைத்து மனைவியிடம் மனம்திறந்து அழுகிறார். சில நிமிடங்களே நீடிக்கும் காட்சி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தங்கள் தகப்பன்மாரை நினைத்துக்கொண்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலருக்கு அந்த நடிகரின் பெயர் தெரிந்திருக்கவில்லை. 'உதிரிப்பூக்கள்' சுந்தரவடிவேலு இவர்தான் என்று சொன்னால் வியப்படைந்தார்கள். விஜயன் 2007 செப்டெம்பரில் காலமானார். அப்போதும் அவர் நடித்துக்கொண்டிருந்த ஒரு படம் முடிந்திருக்கவில்லை.