பட்டறை

திருப்பூரை அடுத்த மங்கலம் பக்கம் பட்டறை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாயப்பட்டறைதான். தறி ஓடும் இடம் குடோன், துணி தைக்கும் இடம் பனியன் கம்பெனி. சாயத்துக்கு மட்டும் பட்டறை ஒட்டிக்கொண்டது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், நொய்யல் ஆற்றங்கரையில் இச்சொல்லுக்கு ஒரு கசப்பும் சேர்ந்தது.

சொல்லின் மூலம் பட்டடை. கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்கு அதுவே பெயர். திருக்குறளின் 821ஆம் குறளில் அப்பொருளில் வருகிறது. கல்லின் பெயர் அது கிடந்த கூடத்துக்கு ஆகி, பட்டறையாகத் திரிந்தது. இன்று பயிற்சிப் பட்டறை, கவிதைப் பட்டறை வரை வந்துவிட்டது.

பொதுமக்கள் கூடிக் கருவிகளைப் பகிர்ந்து பொருள் செய்யும் இடத்தை 'மேக்கர்ஸ்பேஸ்' என்கிறார்கள். பொதுப்பட்டறை என்றாலே போதும். மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002 முதல் அப்படியொன்று இயங்குகிறது.

ஆனால் 'பொது' என்ற அடைக்குத் தகுதி வேண்டும். வாசலில் இரண்டு படி இருந்தால் சக்கர நாற்காலி வெளியே நின்றுவிடும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் என்பதே அரசு வழிகாட்டுதல். பவர் தையல் மிஷினில் வேகத்தைக் காலால் மிதித்தும், துணியை அழுத்தும் பாதத்தை முழங்காலால் நெம்பித் தூக்கியும் இயக்குகிறார்கள். கால் வழங்காதவருக்கு இரண்டும் கைக்கு வர வேண்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காக எச்சரிக்கைப் பலகை ஒடியாவிலும் இந்தியிலும் இருக்க வேண்டும்.

திருப்பூர்ப் பகுதியில் பொதுப்பட்டறை தொடங்க நினைப்பவர்களே, மிஷின் வாங்கும் முன் சாய்தளத்தைக் கட்டுங்கள்.