தொறக்காத படம்

"தெரியாத நம்பர்லேர்ந்து ஒரு படம் வந்திருக்குடா, தொறக்கலாமா?"

நெய்வேலியிலிருந்து அப்பா அடிக்கடி கேட்பார். சுரங்கத்தில் பம்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தொறக்காதீங்கப்பா" என்பேன். 2021-க்குப் பிறகு அந்தப் பதிலில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரில் டொரண்டோவின் சிட்டிசன் லேப், 'ஃபோர்ஸ்டு என்ட்ரி' என்ற தாக்குதலை அம்பலப்படுத்தியது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்து பெகாசஸ் உளவு மென்பொருள் ஐபோனுக்குள் நுழைந்த வழி அது. வந்த கோப்பின் பெயர் ஜிஃப். உள்ளே இருந்தது பிடிஎஃப். படத்தைக் காட்டுவதற்கு முன்பே போன் தானாக அதை விரித்துப் பார்க்கும். ஆள் தொடவே வேண்டாம்.

அந்த பிடிஎஃபுக்குள் இருந்தது ஜேபிக்2, ஃபேக்ஸ், ஸ்கேனர் காலத்துச் சுருக்குமுறை. ஒரு பக்கத்தில் 'அ' நூறு தடவை வந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே முத்திரை குத்தும். 2013-ல் சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் 6-ஐ 8-ஆக நகலெடுப்பதை ஜெர்மனியின் டேவிட் கிரீசல் கண்டுபிடித்தாரே, அதற்கும் இந்த முறைதான் காரணம்.

ஐபோனில் இதை விரித்த நிரல், எக்ஸ்பிடிஎஃப் என்ற பழைய திறந்தமூல நிரலிலிருந்து வந்தது. முத்திரைகளின் எண்ணிக்கையைக் கூட்டும்போது தொகை 32 பிட்டுக்குள் அடங்காவிட்டால், ஸ்கூட்டர் மீட்டர் 99999 தாண்டிப் பூஜ்யத்துக்குத் திரும்புகிற மாதிரி சுற்றிவிடும். ஒதுக்கிய இடம் டம்ளர் அளவு, ஊற்றுவது அண்டா அளவு. அந்த வழிதலை வைத்தே, 70,000-க்கும் மேற்பட்ட கட்டளைகளால் ஒரு குட்டிக் கணினியையே உள்ளே கட்டியிருந்தார்கள் என்று கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ விளக்கியது.

இரண்டு வருடத்தில் இதன் தம்பி இந்தியாவுக்கும் வந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரிகையாளர் ஆனந்த் மங்னாலேயின் ஐபோனுக்குத் தொடாமலே தாக்கும் செய்தி ஒன்று அனுப்பப்பட்டதாக அம்னெஸ்டியின் ஆய்வகம் அந்த டிசம்பரில் சொன்னது. ஆப்பிள் ஓட்டையை அடைத்தது செப்டம்பர் 7-ல். நடுவில் பதினைந்து நாள். அந்த நாட்களில் செய்தியைத் தொறக்காமல் இருக்கும் ஜாக்கிரதை மட்டும் யாரையும் காப்பாற்றியிருக்காது. அப்போது பிடிபட்ட வெப்பி படப் பிழை, க்ரோம் உலாவியையும் விடவில்லை.

இவ்வளவு செலவுபிடிக்கும் ஆயுதத்தை யாரும் அப்பா மேல் வீசப்போவதில்லை. ஆனால் ஓட்டையை அடைத்த அன்றே அது இருந்த இடம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மாட்டுவது, அப்டேட் போடாத போன்கள்.

போன வாரம் பார்த்தேன்: அப்பாவின் போனில் அப்டேட் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. கேட்டால், "நல்லாத்தானே ஓடுது?"

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால், சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும். "சுரங்கம் நல்லாத்தானே இருக்குன்னு பம்பை நிறுத்துவீங்களாப்பா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "எதை அமுக்கணும், சொல்லு."