கோர்ட்டுக்குப் போகாமலேயே மில்லை ஏலம் விடலாமா? பேங்க் வக்கீலின் வேலை என்ன?

கோவையில் பம்ப்செட் பட்டறை, திருப்பூரில் பனியன் கம்பெனி, பல்லடத்தில் விசைத்தறி என எந்தத் தொழிலாக இருந்தாலும் பேங்க் கடன் இல்லாமல் ஓட்டுவது கஷ்டம். தவணை நின்றுபோனால் வங்கி தரப்பில் வேலையைத் தொடங்குபவர் பேனல் வக்கீல். அவர் என்ன செய்வார்? கடன் வாங்கியவருக்கு என்ன வழி?

கோர்ட் தீர்ப்பு இல்லாமல் சொத்தை எடுக்க முடியுமா?

முடியும். 2002ல் வந்த சர்ஃபாசி சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. 90 நாளுக்கு மேல் தவணை பாக்கி இருந்தால் அது வாராக்கடன். அடுத்து 13(2) நோட்டீஸ் வரும். பணம் கட்ட 60 நாள் அவகாசம். இந்த நேரத்தில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் முடிந்தும் கட்டாவிட்டால் சொத்தை வங்கி சுவாதீனம் எடுக்கலாம்.

இதில் வக்கீல் எங்கே வருகிறார்?

கடன் கொடுக்கும் முன்பே வந்துவிடுவார். மூலப்பத்திரம், வில்லங்கம் பார்த்து சொத்து சரியா எனக் கருத்து சொல்வது அவர்தான். நோட்டீஸில் கையெழுத்துப் போடுவது வங்கி அதிகாரி என்றாலும், வாசகங்களைச் சரிபார்ப்பது வக்கீல். கேட்டைத் திறக்க மறுத்தால், கலெக்டரிடமோ தலைமை குற்றவியல் நடுவரிடமோ மனு போடுவார். நடுவருக்கும் அந்த அதிகாரம் உண்டு என 2019ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சொத்தைக் கைப்பற்ற ஒரு வக்கீலையே கமிஷனராக அனுப்பலாம் என 2022ல் தீர்ப்பு வந்தது.

இந்த வேலையில் வாதத்தைவிட பேப்பர்தான் முக்கியம். நோட்டீஸ் தேதியோ, பத்திரிகை விளம்பரமோ தப்பினால் ஏலமே ரத்தாகலாம்.

தோட்டத்தை அடமானம் வைத்திருந்தால்?

விவசாய நிலத்தை சர்ஃபாசியில் தொட முடியாது. ஆனால் வருவாய்த்துறை பதிவில் 'விவசாய நிலம்' என்று இருந்தால் மட்டும் போதாது. அங்கே உண்மையிலேயே விவசாயம் நடக்க வேண்டும், அதைக் கடன் வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என 2023ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எங்கே முறையிடலாம்?

வங்கி சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்பு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது கோவையிலேயே இருக்கிறது. முதலில் இதற்கே 75% தொகை கட்டச் சொன்னது சட்டம். 2004ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் தீர்ப்பாயத்தில் தோற்று சென்னைக்கு மேல்முறையீடு போனால் 50% டெபாசிட் கட்ட வேண்டும். தீர்ப்பாயம் அதை 25% வரை குறைக்கலாம்.

கதவு எப்போது மூடும்?

"ஏலத்தன்னிக்கு பணத்தைப் புரட்டிக் கட்டிக்கலாம்" என்று இருப்பதுதான் பலர் செய்யும் தப்பு. ஏல அறிவிப்பு வெளியானதுமே, பணத்தைக் கட்டி சொத்தை மீட்கும் உரிமை போய்விடும். 2016ல் செய்த திருத்தம் இது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதனால் நோட்டீஸ் வந்த அன்றே 60 நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. ஆட்சேபம் எழுதவும், வங்கியோடு பேசவும் அதுதான் சரியான நேரம். கவரைப் பிரிக்காமல் வைத்தாலோ, வாங்க மறுத்தாலோ நாட்கள் நிற்காது.