வண்டி அவிழ்க்க ஓர் இடம்

காரைக்குடியிலிருந்து கோட்டையூரைத் தாண்டினால் பள்ளத்தூர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரைகள். இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் அவற்றில் தொடர்ந்து வாழ்ந்த காலம் குறைவு. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். இந்த ஊர் ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900ல் பர்மாவின் மோல்மேனில் லேவாதேவித் தொழில் தொடங்கினார். அவர் குடும்பத்தாரின் குழுமம்தான் 1949ல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கியது. ஊர்விட்டு ஊர் போவதும், பிறரைப் போக வைப்பதும் பள்ளத்தூருக்குப் பழக்கமான காரியங்கள்.

இன்று அப்படிப் போக இருக்கும் வண்டிகளில் ஒன்று கேரவன். அந்தச் சொல்லைக் கேட்டால் தமிழருக்கு முதலில் நினைவு வருவது சினிமா. படப்பிடிப்புக்காகச் செட்டிநாட்டுத் தெருக்களில் வந்து நிற்கும் நீளமான வண்டி, உள்ளே குளிர்பதனம், நடிகருக்கு ஒப்பனை அறை. மேலை நாடுகளில் அது குடும்பத்தோடு ஊர் சுற்றும் வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். கேரளம் 2021ல் இதற்கென ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் இடம்பெற்றிருக்கிறது.

வண்டியில் வாழ்பவரின் அன்றாடக் கவலைகள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இன்று இரவு எங்கே நிறுத்துவது? நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? கழிவை எங்கே கொட்டுவது? அச்சு முறிந்தால் யாரைக் கூப்பிடுவது? தமிழ்நாட்டுக்கு இவை புதிய கேள்விகள் அல்ல. மாட்டு வண்டிச் சாலைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டவை. பெரும்பாலான பதில்கள் வண்டிக்குள் இல்லை, வழியில் இருந்தன.

தமிழில் கிடைக்கும் மிகப் பழைய வண்டிவீட்டுச் சித்திரங்களில் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிப் போகும் உமணர்கள் வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். கூரை வேய்ந்த வண்டி, அதில் கோழி அடையும் கூடு, கயிற்றில் தொங்கும் சிறிய உரல், பக்கத்தில் கட்டிய காடிப் பானை. கையில் குழந்தையுள்ள பெண் மாடுகளை ஓட்டுகிறாள். புறநானூற்றில் ஔவையார் பாடிய 102ஆம் பாட்டு இன்னொரு செய்தியைத் தருகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டி வைத்திருந்தார்கள். இன்றைய வண்டிக்காரர் ஸ்டெப்னி டயரை எதற்கு வைத்திருக்கிறாரோ அதற்குத்தான்.

செட்டிநாட்டின் மிகப் புகழ்பெற்ற யாத்திரையும் உப்பிலிருந்துதான் கிளம்புகிறது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தைச் சேர்ந்த குமரப்பன் என்ற உப்பு வணிகர் பழனிக்குப் போய், முருகனுக்கு லாபத்தில் ஒரு பங்கு வைத்து வியாபாரம் செய்ததாகவும், அதன் தொடர்ச்சியாகத் தைப்பூசக் காவடி ஏற்பட்டதாகவும் நகரத்தார் ஏடுகள் சொல்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பழனியில் நடந்த இந்த வணிகத்தையும் தர்மப் பங்கான மகமையையும் பழைய பட்டயங்களைக் கொண்டு ஆராய்ந்து, 1987ல் கட்டுரை எழுதினார் அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ரூட்னர். வியாபாரத்துக்குப் போன பாதையும் கோயிலுக்குப் போன பாதையும் ஒன்றே. மாடு எங்கே தண்ணீர் குடிக்கும், இருட்டுவதற்குள் எங்கே சேர வேண்டும் என்பதெல்லாம் வணிகருக்கு அத்துப்படியாக இருந்தது.

காவடிகள் கிளம்பும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காவடிக்காரர்கள் நடப்பார்கள், சாமான்கள் வண்டியில் வரும். மாட்டு வண்டி மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் போகாது. நாளெல்லாம் ஓட்டினாலும் 25, 30 கிலோமீட்டர்தான். மனிதன் நடக்கும் வேகமும் அதுவே என்பதால் நடப்பவரும் வண்டியும் ஒன்றாகவே அடுத்த தங்கலைச் சேர முடிந்தது.

வண்டிகளிலும் தரம் உண்டு. நெல்லும் உப்பும் ஏற்றுவது பாரவண்டி. குடும்பம் போவது கூண்டு வண்டி. மூங்கில் பிளாச்சுகளை வளைத்துப் பாயால் மூடியிருக்கும். வசதியுள்ள வீட்டு ஆச்சிமார் போனது வில்வண்டியில். இரும்பு வில்லின் மேல் உட்கார்ந்த பெட்டி என்பதால் இடுப்பு தப்பியது. வில் இல்லாத வண்டியில் அடியில் வைக்கோலைப் பரப்பி மேலே ஜமக்காளம் விரிப்பார்கள். அந்த வைக்கோல் மெத்தையே வழியில் மாட்டுக்குத் தீவனமாகவும் ஆகும். ஊர் நெருங்க நெருங்க மெத்தை இளைக்கும்.

சாமான் கட்டுவது ஒரு கலை. புளியோதரை இரண்டு நாள் தாங்கும், தயிர்ச்சோறு அன்று மாலைக்குள் தீர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டுச்சோறு கட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து கல் மூன்று கூட்டி அடுப்புப் பற்றவைக்க வேண்டும். அதற்கு அரிசி, பருப்பு, வற்றல், ஊறுகாய் ஜாடி. இடையில் கொறிக்க முறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை. பனையோலைக் கொட்டான்கள் நசுங்காத பண்டத்துக்கு, பித்தளைத் தூக்குகள் சிந்தும் பண்டத்துக்கு, குடிநீருக்குக் கூஜா. முதலில் எடுக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்பது இன்றைய கேரவன்காரரும் அலமாரி அடுக்கும்போது கடைப்பிடிக்கும் விதி.

வண்டிக்காரரின் சாமான்கள் தனி. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசை ஒரு மூங்கில் குழாயில் தொங்கும். அச்சில் அதைத் தடவாவிட்டால் சக்கரம் கதறும், பிறகு தேயும். உபரிக் கடையாணி, பூட்டாங்கயிறு, இறக்கத்தில் சக்கரத்துக்குக் கொடுக்க முட்டுக்கட்டை, அச்சுக்கு அடியில் ஆட லாந்தர். கோடைக்காலத்தில் வெயிலைத் தவிர்க்க இரவில்தான் ஓட்டுவார்கள். பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையாகப் போகும்போது முன் வண்டிக்காரர் விழித்திருந்தால் போதும். பின் மாடுகள் முன் விளக்கைப் பார்த்தபடி நடக்கும்.

இத்தனை ஏற்பாட்டோடு கிளம்பினாலும் வண்டியில் ஏற்ற முடியாதது ஒன்று உண்டு: தண்ணீர். மாடு ஒன்று நாளுக்குக் குடம் குடமாகக் குடிக்கும். ஆகவே செட்டிநாட்டு வழிப்பயணம் ஊருணிகளை வைத்தே அமைந்தது. இந்த வறண்ட செம்புரைக்கல் பூமியில் மழைநீரைத் தேக்கிக் குடிக்க ஊர்தோறும் ஊருணி வெட்டினார்கள். குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. மாட்டுக்கும் குளியலுக்கும் வேறு குளம். வெளியூர் வண்டிக்கும் இதே சட்டம்தான்.

அடுத்தது சத்திரம். நகரத்தார் தங்கள் யாத்திரை வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். காசியில் அவர்கள் நிறுவிய நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1813ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து விசுவநாதர் கோயில் பூசைக்கான பொருள்கள் ‘சம்போ’ முழக்கத்தோடு நாள்தோறும் ஊர்வலமாகப் போகும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ராமேஸ்வரம், பழனி, மதுரை என்று மற்ற தலங்களிலும் சத்திரங்கள் எழுந்தன. பழனிப் பாதையில் ஒட்டன்சத்திரமும் சத்திரப்பட்டியும் இன்றும் வரைபடத்தில் உள்ளன. சத்திரம் தந்தது கூரை மட்டுமல்ல: கிணறு, மாடு கட்டத் தொழுவம், சமைக்கத் திண்ணை, பல இடங்களில் இலவசச் சாப்பாடு. செலவுக்கு மகமை. வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று தர்மத்துக்கு ஒதுக்கிய பணம் அது.

சத்திரம் இல்லாத வழியில் பயணம் எப்படியிருக்கும் என்பதற்குச் சென்னைக்காரர் ஒருவரின் நாட்குறிப்பு சாட்சி. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து காசிக்குக் கிளம்பினார். கூட ஏறக்குறைய நூறு பேர், பல்லக்குகள், கூடாரங்கள். 1831 செப்டம்பரில்தான் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய ‘காசி யாத்திரை சரித்திரம்’ 1838ல் அச்சானது. ஒவ்வொரு தங்கலிலும் அவர் குறித்தவை: சத்திரம் உண்டா, தண்ணீர் நல்லதா, கடைகளில் என்ன கிடைக்கும், சாலை மணலா கல்லா, கூடாரம் அடிக்க இடம் இருக்கிறதா. தனக்குப் பின்னால் வருபவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு ஏற்பாடு வளர்ந்தது: வண்டிப்பேட்டை. 1871ல் வந்த சென்னை மாகாண உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பிறகு சாலைகளையும் பல சத்திரங்களையும் உள்ளூர் வாரியங்கள் கவனிக்கத் தொடங்கின. நகராட்சிகள் சந்தைக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கென்று இடம் ஒதுக்கிக் கட்டணம் வாங்கின. அங்கே தண்ணீர்த் தொட்டி இருக்கும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிப்பவர் இருப்பார்; வட்டையையும் ஆரக்காலையும் சரிசெய்யும் ஆசாரி, வைக்கோல் கட்டு விற்பவர், இட்லிக்கடைக்காரி எல்லாரும் அங்கேயே. வாகனத்துக்கும் அதில் வருபவருக்கும் வேண்டியதை ஒரே வளாகத்தில் கட்டணத்துக்குக் கொடுத்த அந்த இடத்தை இன்றைய கேரவன் பூங்காவின் முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். தீராமல் நின்ற குறை ஒன்றுதான்: கழிப்பிடம். ஊர்ப்புறத்துக் கருவேலங்காடே எல்லாருக்கும் பொது. திருவிழாக் கூட்டத்தோடு காலராவும் ஊர் ஊராகப் பயணம் செய்ததற்கு அது ஒரு காரணம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர் பொழுதுபோக்குக்காக வண்டிவீடு கட்டினார். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் 1885ல் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியைச் செய்வித்துக்கொண்டு நாட்டைச் சுற்றினார். அகலமான வண்டி குறுகிய பாதைகளை அடைத்துவிடும் என்பதால் அவருடைய வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய் எதிரே வருபவர்களை எச்சரித்தார். 1907ல் அங்கே கேரவன் சங்கமே தோன்றியது. தேவைக்காக வண்டியில் வாழ்ந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்; விருப்பத்துக்காக அப்படிப் போவது அப்போதுதான் ஒரு பொழுதுபோக்காக உருவெடுத்தது.

செட்டிநாட்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை போகும் ரயில் பாதை 1930ஐ ஒட்டி முழுமை பெற்றது. பள்ளத்தூருக்குப் பக்கத்தில் செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வந்தது. பத்து நாள் வண்டிப் பயணம் ஓர் இரவுக்குள் அடங்கியது. பிறகு பேருந்து. வண்டிப்பேட்டைகள் பேருந்து நிலையங்களாகவும் கடைத்தெருக்களாகவும் மாறின. சத்திரங்கள் பல பூட்டப்பட்டன அல்லது கல்யாண மண்டபங்களாயின.

வழியில் ஏதும் இல்லாத பயணம் எத்தனை கொடியது என்பதை இந்த மண் 1942ல் மறுபடி கண்டது. ஜப்பானியக் குண்டுகள் 1941 டிசம்பரில் ரங்கூனில் விழுந்தன. கப்பல் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தார்கள். அவர்களில் செட்டிநாட்டுக் கடைகளில் வேலை பார்த்தவர்களும் உண்டு. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா தாமும் மனைவியும் அப்படி நடந்ததை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்ற நூலாக எழுதினார். தண்ணீர்ப் பஞ்சமும் நோயும் அந்த வழியில் கொன்றவர்கள் ஏராளம்.

பழைய வழிமுறை இன்னும் உயிரோடு இருப்பது தைப்பூசத்தில்தான். முருகனின் ரத்தினவேல் மாட்டு வண்டியில் போக, நகரத்தார் காவடிகள் செருப்பில்லாத கால்களோடு பின்தொடர்கின்றன. படுக்கைகளும் கேஸ் அடுப்புகளும் மினி லாரியில் முன்னதாகவே அடுத்த தங்கலுக்குப் போய்ச் சேருகின்றன. தண்ணீர் லாரி வருகிறது. வழியூர்க்காரர்கள் அன்னதானம் போடுகிறார்கள். திண்டுக்கல்–பழனி சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே நடைபாதை போடப்பட்டிருக்கிறது. கூட்டம் பல மடங்கானாலும் ஏற்பாட்டின் அமைப்பு மாறவில்லை: நடப்பவர் ஒருவர், சுமப்பது வேறொன்று, தங்க வைப்பது வழி.

சுற்றுலாக் கேரவனுக்கு அந்த வழிதான் இன்னும் அமையவில்லை. கேரளம் இதைப் புரிந்துகொண்டு வண்டியையும் பூங்காவையும் ஒரே கொள்கையில் சேர்த்தது: பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலம், 5 வண்டிகள் நிற்க இடம். செட்டிநாட்டில் ஊருணிக் கரையை ஒட்டிய புறம்போக்கும் தோப்பும் பல ஊர்களில் அதைவிடப் பெரியவை. பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ அப்படி ஓர் இடத்தில் வண்டிகளை நிறுத்த அனுமதித்தால் மின் இணைப்பும் குடிநீர்க் குழாயும் கொடுப்பது பேரூராட்சிக்குச் சிரமமான வேலையல்ல. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் குழியைத்தான் முதலில் கட்ட வேண்டும். அதுவும் ஊருணிக்கு மழைநீர் வரும் வரத்துக்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உள்ளூர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம்.