பாட்டி மறைத்து வைத்த பெயர்



பினாங்கில் ஆர்மீனியன் தெரு என்று ஒரு தெரு உண்டு. சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்களும் ஆர்மீனியர்களே. சென்னையிலும் ஓர் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் அச்சானது அந்தச் சென்னையில்தான். நம் பக்கம் வந்த இவர்கள் பெரும்பாலும் பாரசீக நாட்டு வழியாக வாணிபத்துக்கு வந்தவர்கள். இவர்களுடைய இனத்தார் பெருந்தொகையாக வாழ்ந்த பூர்வீக மண்ணோ, இன்றைய துருக்கி நாட்டின் கிழக்குப் பகுதி. அந்த மண்ணில் 1915இல் நடந்த கொடுமையையும், அதில் உயிர் பிழைத்த ஒரு சிறுமி தன் பெயரையே மறைத்து வாழ்ந்த வரலாற்றையும் இன்று நாம் அறிந்துகொள்வோம்.

ஆர்மீனியர் பழைமையான இனத்தார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் துறவி அவர்களுக்குத் தனி எழுத்தை வகுத்துத் தந்தார். அதற்கு முன்பே அவர்கள் கிறிஸ்துவ சமயத்தைத் தழுவியிருந்தார்கள். பிற்காலத்தில் துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்குக் குடிகளாயினர்.

முதல் உலகப் போர் மூண்டபோது, துருக்கியும் ரஷ்யாவும் எதிரெதிர் அணியில் நின்றன. ஆர்மீனியர் ரஷ்யாவுக்குத் துணைபோவார்கள் என்று ஆட்சியாளர்கள் பழி சுமத்தினர். 1915 ஏப்ரல் 24ஆம் நாள் தலைநகரில் ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். பிறகு ஊர் ஊராக ஆட்களை வெளியேற்றினார்கள். ஆண்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சிரியாவின் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தார்கள். பசியாலும் தாகத்தாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 10 இலட்சம் முதல் 15 இலட்சம் பேர்வரை மடிந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் கணக்கிடுகிறார்கள். பல நாடுகள் இதை இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டுள்ளன. துருக்கி அரசோ இவை போர்க்காலச் சாவுகள் என்று கூறி அச்சொல்லை மறுத்து வருகிறது.

இத்தனை பேர் மடிந்த வேளையில், பல்லாயிரம் குழந்தைகளும் இளம்பெண்களும் வேறொரு விதமாகப் பிழைத்தார்கள். வழியோர ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்குள் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இரக்கப்பட்டு ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு. வீட்டு வேலைக்காகக் கொண்டுபோனவர்களும் உண்டு. கட்டாயமாக மணம் முடித்துக்கொண்டவர்களும் உண்டு. எப்படிப் போயிருந்தாலும், பெயர் மாறியது, சமயம் மாறியது, பேச்சும் மாறியது. ஊரார் சிலர் இவர்களை ‘வாளுக்குத் தப்பிய மிச்சம்’ என்று இழிவாகக் குறிப்பிட்டார்கள். அந்த ஏச்சுக்கு அஞ்சியே, உண்மையைத் தாம் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவர்கள் பலர்.

அப்படிப் பிழைத்தவர்களில் ஒருத்திதான் ஹெரானுஷ். பாலு என்னும் ஊருக்கு அருகே ஹபாப் என்ற சிற்றூரில் பிறந்தவள். தந்தை ஹொவான்னெஸ் அப்போது அமெரிக்காவில் இருந்தார். தாய் இஸ்குஹி பிள்ளைகளுடன் அந்த மரண நடைப் பயணத்தில் நடந்தாள். செர்மிக் என்ற இடத்துக்கு வந்தபோது, காவற்படையைச் சேர்ந்த ஒருவர் ஹெரானுஷைத் தமக்குத் தரும்படி கேட்டார். தாய் கொடுக்க மறுத்தாள். இங்கே விட்டால் பிள்ளையாவது பிழைக்கும் என்று உடன் வந்த முதியவள் எடுத்துச் சொன்னாள். முடிவில் சிறுமி தாயின் கையிலிருந்து பிரிக்கப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது பத்தளவே.

பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவளுக்கு செஹெர் என்று பெயரிட்டார்கள். வளர்ந்தாள், மணமுடித்தாள், மக்களைப் பெற்றாள். தாய் இஸ்குஹி எப்படியோ உயிர் தப்பி அமெரிக்காவில் கணவருடன் போய்ச் சேர்ந்தாள். வேறொரு வீட்டில் வளர்ந்த தம்பி ஹோரெனும் பின்னாளில் பெற்றோரிடம் சென்றுவிட்டான். ஹெரானுஷால் மட்டும் போக முடியவில்லை.

1970களில், சட்டம் படித்துக்கொண்டிருந்த தம் மகள்வயிற்றுப் பேத்தி ஃபெத்தியே சேட்டினிடம்தான் அவர் மனம் திறந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, அமெரிக்காவில் இருக்கும் தம் குடும்பத்தாரைத் தேடித் தரும்படி கேட்டார். பேத்தி திகைத்துப் போனாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் அவள் இதைப் படித்ததில்லை. பிறகுதான் சிறு வயதில் கண்ட ஒன்றுக்கு அவளுக்குப் பொருள் விளங்கியது. ஆண்டில் ஒரு காலத்தில், பாட்டியும் வேறு சில பெண்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். ‘சோரெக்’ என்னும் ரொட்டியைப் பரிமாறிக்கொள்வார்கள். அது ஆர்மீனியர் ஈஸ்டர் திருநாளுக்குச் சுடும் ரொட்டி! வாய் மூடியிருந்த பெண்கள், ஒரு ரொட்டித் துண்டைக் கொண்டு ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

2000ஆம் ஆண்டு பாட்டி காலமானார். அடக்கத்துக்கு முன் அவருடைய பெற்றோரின் பெயரைக் கேட்டார்கள். வளர்த்தவர்களின் பெயரைத்தான் சொன்னார்கள். பேத்தி பொறுக்க முடியாமல், அது உண்மையல்ல என்று எல்லார் முன்னிலையிலும் உரத்துக் கூறினார்; இஸ்குஹி, ஹொவான்னெஸ் என்ற பெயர்களைச் சொன்னார். இஸ்தான்புல்லில் வெளிவரும் ‘ஆகோஸ்’ என்ற ஆர்மீனியர் ஏட்டிலும் மரண அறிவிப்பு வெளியிட்டார். அந்த அறிவிப்பின் வழியாக அமெரிக்க உறவினர் தெரியவந்தனர். ஃபெத்தியே அங்கே சென்று, பாட்டி ஒருநாளும் கண்டிராத தங்கையைக் கண்டார். கொள்ளுப்பாட்டி, கொள்ளுத்தாத்தாவின் கல்லறைகளையும் வணங்கினார்.

இவற்றையெல்லாம் 2004இல் ‘என் பாட்டி’ என்ற நூலாக எழுதினார். அதன்பின் துருக்கியில் பலரும், தங்கள் பாட்டியும் அப்படிப்பட்டவரே என்று வாய் திறந்தார்கள். பேசுவது எளிதாக இருக்கவில்லை. ஆகோஸ் ஏட்டின் ஆசிரியர் ஹிராந்த் திங்க் 2007 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்துக்காக வழக்கறிஞராக நின்றவர் இதே ஃபெத்தியேதான்.

அன்பர்களே! அரசாங்கத் தாளில் ஹெரானுஷ் என்று ஒருவர் இல்லை. செஹெர் என்பவரே இருந்தார். தாளில் இல்லாத உண்மை ஒரு கிழவியின் நெஞ்சில் இருந்தது. அவர் வாய் திறந்திராவிட்டால், பேத்தி கேட்டிராவிட்டால், அது அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். எங்கள் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும்போது நாங்கள் சொல்வது இதுதான்: வரலாறு புத்தகத்தில் மட்டும் இல்லை, வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வந்த வழி எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.